கீழடிக் கரித்துண்டும் பெரியப்பா கேட்ட கேள்வியும்

தெற்குவாசல் (ஞாயிறு, இரவு 9:15)

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குப் பெரியப்பாவைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். வயது 78. நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர். எந்தத் தராசையும் முதலில் வெறுந்தட்டோடு தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

போகிற வழியில் போன மாதம் நாம் இங்கே பேசிய குவாண்டம் விஷயத்தை, அதாவது அணு அளவில் இயற்கை எப்படி நடக்கிறது என்பதை, சொல்லிக்கொண்டு போனேன். ஒரு கதிரியக்க அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது, கருவி போதாததால் அல்ல, இயற்கையிடமே அதற்கு விடை கிடையாது என்று. கேட்டுக்கொண்டே வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அங்கே போனதும் காலக்கணிப்பைப் பற்றி விளக்கினேன். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205, எல்லாம் கார்பன்-14 என்கிற கதிரியக்கக் கார்பனை வைத்துச் சொன்னது என்றேன். அப்போது கேட்டார்:

"ஏப்பா, ஒரு அணு எப்ப உடையும்னு ஒருத்தனுக்கும் தெரியாதுங்கிறே. அதே அணுவை எண்ணித்தான் ரெண்டாயிரத்து அறுநூறு வருசம்னு சொல்றாங்கங்கிறே. இதுல எது நெசம்?"

விரகனூர் ரவுண்டானா வரைக்கும் யோசித்தேன், பதில் வரவில்லை. இரண்டும் உண்மை என்று எனக்குத் தெரியும். எப்படி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உதவுங்கள்.

பேரையூர்_பையன் (ஞாயிறு, இரவு 9:52)

அண்ணே, இது பெரிய எண்களோட விதிதான். சித்திரைத் திருவிழாவுக்கு எங்க ஊர்ல இருந்து குறிப்பிட்ட ஒரு ஆள் வருவாரா மாட்டாரான்னு சொல்ல முடியாது. ஆனா அழகர் ஆத்துல இறங்குறப்போ லட்சக்கணக்குல கூட்டம் இருக்கும்னு அடிச்சுச் சொல்லலாம்ல. அணுவும் அப்படித்தான். ஒண்ணொண்ணா தெரியாது, மொத்தமா தெரியும்.

கோரிப்பாளையம் (ஞாயிறு, இரவு 10:40)

தம்பி, நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் திருவிழாக் கூட்டம் இங்கே பொருந்தாது. கூட்டத்தில் ஒருவர் ஓடினால் பின்னாலேயே பத்துப் பேர் ஓடுவார்கள். மழை வந்தால் எல்லோரும் ஒதுங்குவார்கள். மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து நடக்கிறவர்கள், அதனால் கூட்டத்தைக் கணிப்பது உண்மையில் கஷ்டம். கார்பன்-14 அணுக்கள் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. பக்கத்து அணு சிதைந்ததா என்பது இதற்குத் தெரியாது, தனக்கு வயது எவ்வளவு என்பதும் தெரியாது. நேற்று வளிமண்டலத்தில் உருவான அணுவுக்கும் ஐயாயிரம் வருடம் கரியில் கிடந்த அணுவுக்கும் அடுத்த ஒரு நிமிடத்தில் சிதையும் வாய்ப்பு துல்லியமாக ஒன்றுதான். எனக்கு இதில் தீராத வியப்பு. இருபத்திரண்டு வருடமாக ப்ளஸ் டூவுக்கு இந்தப் பாடம் எடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் அந்த வரியைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

கணக்குக்கு வருவோம். உயிரோடு இருக்கிற ஒரு மரத்திலிருந்து 1 கிராம் கார்பன் எடுத்தால் அதில் ஏறக்குறைய 6,000 கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கும். அவற்றில் நிமிடத்துக்குச் சுமார் 14 சிதையும். அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். மரம் செத்துவிட்டால் புதிதாகக் கார்பன்-14 சேராது, இருப்பது குறைந்துகொண்டே போகும். செத்து 2,600 வருடம் ஆகியிருந்தால் 73 சதவீதம் மிச்சம், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 10.

ஒரே ஒரு நிமிடம் எண்ணினால் 7 வரலாம், 13 வரலாம். எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, அவ்வளவு ஆட்டம் இருக்கும். ஒரு நாள் முழுக்க எண்ணினால் 14,700 சுமார். அதன் வர்க்கமூலம் 121, அதாவது 0.8 சதவீதம். வருடக் கணக்கில் மாற்றினால் முன்னே பின்னே 70 வருடம். ஐந்து நாள் எண்ணினால் 30 வருடமாகக் குறையும். இப்போது பெரும்பாலும் சிதையும் வரை காத்திருப்பதில்லை, மிச்சமிருக்கிற அணுக்களையே முடுக்கி என்கிற, அணுக்களை வேகமாக ஓட்டிப் பிரிக்கும் கருவி வழியாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் எண்ணிக்கை கூடக் கூட ஆட்டம் குறைவது அங்கேயும் அதே கதைதான்.

உங்கள் பெரியப்பாவுக்கு வாயால் சொல்ல வேண்டாம். தாயக்கட்டைக்குப் பதில் ஒரு பக்கம் உரசிய புளியங்கொட்டை வைத்து விளையாடுவோமே, அது இருநூறு தயார் பண்ணுங்கள். மொத்தமாகத் தரையில் போடச் சொல்லுங்கள். வெள்ளைப் பக்கம் மேலே விழுந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் மிச்சத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

சிலைமான் (திங்கள், காலை 6:30)

கோரிப்பாளையம் அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் கீழடிக்குப் பக்கத்து ஊர், அகழாய்வு நடந்த வருடங்களில் தினமும் அந்தப் பக்கம்தான் போய்வருவேன். அந்த மண்மேல் எனக்கு இருக்கிற பாசத்தை யாரும் சந்தேகப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கரிமத் தேதியில் இருக்கிற பெரிய நிச்சயமின்மை குவாண்டத்திலிருந்து வருவதில்லை. வானத்திலிருந்து வருகிறது. விண்வெளிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் நியூட்ரான்களை உண்டாக்க, அவை நைட்ரஜனில் மோதி கார்பன்-14 பிறக்கிறது. சூரியனின் சுறுசுறுப்பு மாறினால் அந்த உற்பத்தியும் மாறும். ஆகவே தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதை மரவளையங்களை வைத்துத் திருத்துகிறார்கள். இந்தத் திருத்தக் கோட்டில் கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய மட்டமாகப் போகிற ஓர் இடம் இருக்கிறது. ஹால்ஸ்டாட் சமதளம் என்பார்கள். அந்த நானூறு வருடத்தில் எந்த வருடம் வெட்டிய மரமாக இருந்தாலும் இன்றைக்கு ஏறக்குறைய ஒரே அளவு கார்பன்-14 தான் காட்டும். கி.மு. 580 நட்டநடுவே அதற்குள் விழுகிறது.

ஆகவே இந்தக் காலத்துத் தேதி எதையும் ஒற்றை வருடமாகப் படிக்கக் கூடாது, வரம்பாகத்தான் படிக்க வேண்டும். உலகத்தில் எந்த ஊர் மாதிரிக்கும் இதே நிலைமைதான்.

மேலூர்_மகள் (திங்கள், காலை 8:05)

சிலைமான் அண்ணா, இதைத்தானே சிலர் கீழடியைக் குறைத்துப் பேசப் பயன்படுத்துகிறார்கள்? நாமே எடுத்துக் கொடுக்கணுமா?

சிலைமான் (திங்கள், காலை 8:41)

எடுத்துத்தான் கொடுக்கணும்மா. மறைத்தால் வேறு யாராவது கண்டுபிடிப்பார்கள், அப்போது முழுதும் பொய் என்பார்கள். இன்னொன்று, ஒரே மாதிரியை மட்டும் வைத்து யாரும் பேசவில்லை. ஆழமான அடுக்கில் பழைய தேதி, மேலே வர வரப் புதிய தேதி என்று வரிசை ஒழுங்காக வருகிறது. அடுக்கின் மண், பானை ஓடு, தமிழி எழுத்து எல்லாம் சேர்ந்து தாங்குகிறது. ஒரு வருடத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட இந்த வரிசையைப் பிடிப்பது உறுதியானது.

தெற்குவாசல் (செவ்வாய், இரவு 10:20)

புளியங்கொட்டை வேலை முடிந்தது. இருநூறு கொட்டையையும் திண்ணையில் பேரனும் பெரியப்பாவும் உரசினார்கள். இதோ கணக்கு:

200, 112, 61, 35, 19, 10, 7, 3.

சரிபாதி வரவில்லையே என்று பேரனுக்கு வருத்தம்.

பெரியப்பா மூன்று முறை திரும்பச் செய்யச் சொன்னார். கடைசியில் எப்போதும் தாறுமாறு, முதல் நாலு எறி எப்போதும் ஒரே மாதிரி. "முதல்ல கொட்டை நிறைய இருக்கு, அதான் தரம் நிக்குது" என்று அவரே சொல்லிவிட்டார்.

கோரிப்பாளையம் (செவ்வாய், இரவு 10:58)

பேரனிடம் சொல்லுங்கள், அவன் கணக்கு மிக நன்றாக வந்திருக்கிறது. உரசிய கொட்டை சமமாக விழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொரு எறியிலும் ஏறக்குறைய 56 சதவீதம் தங்குகிறது. அப்படியென்றால் உங்கள் வீட்டுப் புளியங்கொட்டையின் அரை ஆயுள் ஒரு எறி அல்ல, சுமார் 1.2 எறி. கார்பன்-14க்கு 5,730 வருடம் என்பதும் இப்படி எண்ணிப் பார்த்துக் கண்டதுதான்.

வடபழஞ்சி_பக்கம் (புதன், காலை 7:10)

எங்கள் ஊரில், எதையும் எளிதாகத் துளைத்துப் போகிற நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் மையத்தில் 85 டன் இரும்பில் ஒரு சிறு உணர்கருவி வைத்து மியூவான்களைப் பதிவுசெய்கிறார்கள். மியூவான் விண்வெளிக் கதிரால் மேலே பிறந்து கீழே பொழிகிற துகள். கடல் மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம், இதைப் படிக்கிற உங்கள் உள்ளங்கை வழியாகவும் போய்க்கொண்டிருக்கிறது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒரு பக்கம் 2.2 மைக்ரோ விநாடி, இன்னொரு பக்கம் 5,730 வருடம், ஆனால் குறைகிற விதம் புளியங்கொட்டை விதம்தான். இந்த ஒற்றுமையை முதன்முதலாக வரைபடத்தில் பார்த்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மட்டுறுத்துநர் (புதன், காலை 9:00)

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. அந்த விவாதத்தை அங்கே தொடருங்கள். இங்கே பெரியப்பாவின் கேள்வியோடு நிற்போம்.

தெற்குவாசல் (புதன், இரவு 9:30)

பெரியப்பா விடவில்லை. இன்று காலை காபி குடிக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்:

"கொட்டை எப்படி விழுதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அது என் கை போட்ட வேகம், காத்து, தரை, இதையெல்லாம் பொறுத்துத்தான் விழுது. ரொம்பக் கூர்மையாப் பாக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். அணுவுக்குள்ளேயும் அப்படி ஏதோ இருக்கும், உங்காளுங்களுக்கு இன்னும் தெரியல. அதை விட்டுட்டு இயற்கைக்கே தெரியாதுன்னு எப்படிச் சொல்லலாம்?"

எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

திருப்பரங்குன்றம்_73 (புதன், இரவு 10:15)

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு. பெரியவர் சரியான வாசலுக்கு வந்திருக்கிறார். அணுவுக்குள் ஒளிந்திருப்பது வேறொன்றுமில்லை, அறிவுணர்வு. பார்க்கிறவன் இல்லாமல் பார்க்கப்படுவது இல்லை என்பதைத்தான் குவாண்டம் இயற்பியலும் சொல்கிறது. இரண்டு துளை உள்ள தட்டை நோக்கி விட்ட எலக்ட்ரான் எந்தத் துளை வழியாகப் போகிறது என்று பார்த்தால் துகளாகவும் பார்க்காவிட்டால் அலையாகவும் நடக்கிறதே. மனம் தொட்டதும் உலகம் மாறுகிறது. நம் சித்தர்கள் உள்ளே தேடியதை இவர்கள் வெளியே கண்டிருக்கிறார்கள் என்று முழுமனதோடு நம்புகிறேன்.

கோரிப்பாளையம் (புதன், இரவு 11:30)

ஐயா, உங்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், ஆனால் இந்தச் சோதனை அதற்குச் சாட்சி சொல்லாது. "பார்ப்பது" என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. வியன்னாவில் 1999இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து போன்ற மூலக்கூறுகளை வைத்தே அலைக் கோலத்தை, அதாவது அலைகள் ஒன்றோடொன்று கலந்தால் வரும் வரிவரியான கோலத்தை, காட்டினார்கள். 2004இல் அதே ஊரில் 70 கார்பன் அணு மூலக்கூறுகளைச் சூடாக்கி அனுப்பினார்கள். நன்றாகச் சூடேறிய மூலக்கூறு போகிற வழியில் தானாகவே ஒளியை உமிழும். அந்த ஒளியை யாரும் பார்க்கவில்லை, பிடிக்கவில்லை, அது சுவரில் போய் முட்டியது. ஆனாலும் சூடு கூடக் கூட அலைக் கோலம் மங்கிக்கொண்டே போய் மறைந்தது. மூலக்கூறு எங்கே இருக்கிறது என்ற தகவல் வெளியே கசிந்தாலே போதும், அதை வாங்கிக்கொள்ள ஒரு மனம் தேவையில்லை.

திருப்பரங்குன்றம்_73 (வியாழன், காலை 5:50)

இந்த 2004 சோதனை எனக்குப் புதிது. இரவு தூங்காமல் யோசித்தேன். மனம் தேவையில்லை என்பதை இந்த இடத்தில் ஏற்கிறேன். சித்தர்கள் சொன்னது வேறு அனுபவம், அதற்கு மூலக்கூறைச் சாட்சிக்கு அழைத்தது என் அவசரம். ஆயினும் தகவல் என்றால் என்ன என்று நீங்களும் சொல்லவில்லை, அந்தக் கேள்வியை வைத்துக்கொள்கிறேன்.

மேலூர்_மகள் (வியாழன், காலை 7:20)

ஐயா சொன்னதைப் படித்ததும் ஒன்று எழுதத் தோன்றியது. போன வருடம் ஒரு கண்காட்சிக் கடையில் எங்கம்மா "குவாண்டம் டாலர்" என்று ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மூட்டுவலிக்காம். அணுவின் சக்தி உடம்போடு பேசும் என்று விற்றவர் சொன்னாராம். அம்மா களையெடுத்துச் சேர்த்த காசு. குவாண்டம் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் இந்த இழையை முதலிலிருந்து இரண்டு முறை படித்துவிட்டேன்.

கோரிப்பாளையம் (வியாழன், காலை 7:45)

முதலில் அம்மா கழுத்திலிருந்து அதைக் கழற்றச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்புத் துறை இந்த மாதிரி 10 பொருட்களைச் சோதித்து, அவை உண்மையிலேயே அயனியாக்கும் கதிர்களை வெளியிடுகின்றன என்று எச்சரித்தது. "குவாண்டம்" என்று பெயர் போட்ட டாலரும் அதில் இருந்தது. எல்லா டாலரும் அப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோலை ஒட்டி இரவு பகலாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள்.

பேரையூர்_பையன் (வியாழன், இரவு 8:30)

பெரியப்பா கேட்டதுக்கு நான் முயற்சி பண்றேன். இதைச் சொல்லத்தான் மூணு நாளா படிச்சேன்.

அணுவுக்குள்ள ஏதோ ஒளிஞ்சிருக்கா, இல்லையாங்கிறது வெறும் அபிப்பிராயம்னுதான் 1935ல ஐன்ஸ்டைன் கேட்ட காலத்துல இருந்து நினைச்சாங்க. 1964ல ஜான் பெல்ங்கிற இயற்பியலாளர் அதைச் சோதிச்சுப் பாக்க ஒரு வழி கண்டுபிடிச்சார். அதை விளையாட்டாச் சொல்லலாம்.

அண்ணன் தம்பி ரெண்டு பேர். அண்ணன் பெரியார் பஸ் ஸ்டாண்டுல, தம்பி மாட்டுத்தாவணில. போன் கிடையாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு ஆள் காசு சுண்டிட்டு "இட்லியா?" இல்லைன்னா "தோசையா?"ன்னு கேப்பான். இவங்க ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தைல பதில் சொல்லணும். ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னா ஜெயிச்சாங்க. ஒரே ஒரு விதிவிலக்கு: ரெண்டு இடத்துலயும் "தோசையா?"ன்னு கேட்டா மட்டும் வேற வேற பதில் சொல்லணும். கிளம்புறதுக்கு முன்னாடி ராத்திரி பூரா உக்காந்து எப்படி வேணா திட்டம் போட்டுக்கலாம். எந்தத் திட்டம் போட்டாலும் நாலுக்கு மூணுக்கு மேல, அதாவது 75 சதவீதத்துக்கு மேல, ஜெயிக்க முடியாது. பெல் சொன்னது இதான். (இந்த விளையாட்டு வடிவம் பின்னாடி வந்தது.)

இப்ப அண்ணன் தம்பி இடத்துல ஜோடி சேர்த்த ரெண்டு துகள்களை வைங்க. அந்தத் துகள்களுக்குள்ள முன்கூட்டியே எழுதி வச்ச பதில் இருந்தா அதுவும் 75தான் தொடணும். குவாண்டம் கணக்கு 85.4 வரைக்கும் போகலாம்ங்குது. 2015ல நெதர்லாந்து டெல்ஃப்ட் ஊர்ல 1.3 கி.மீ. தள்ளி ரெண்டு ஆய்வகம் வச்சு எலக்ட்ரான்களை விளையாட விட்டாங்க. 245 ஆட்டத்துல 196 ஜெயிச்சுது. 80 சதவீதம். அதே வருசம் வியன்னாலயும் அமெரிக்காவுலயும் ஒளித்துகள் வச்சு இன்னும் உறுதியாக் காட்டிட்டாங்க. முன்னாடியே இந்த வழியில நடந்த கிளாசர், ஆஸ்பெ, ஸைலிங்கர் மூணு பேருக்கும் 2022ல நோபல் பரிசு.

ஆனா அண்ணே, நீங்க முதல் பதிவுல "இயற்கையிடமே விடை கிடையாது"ன்னு எழுதினது கொஞ்சம் அதிகம். பெல் அடைச்சது ஒரு கதவைத்தான்: ஒளியை விட வேகமாப் பேசிக்காம, முன்கூட்டியே பதிலை உள்ள வச்சிருக்கிற கதவு. 1952ல டேவிட் போம் ஒரு கோட்பாடு சொன்னார். அதுல எல்லாத்துக்கும் காரணம் உண்டு, தற்செயலே கிடையாது. ஆனா இங்க நடக்கிறது அங்க உடனே தெரியணும். அது இன்னும் உயிரோடதான் இருக்கு.

கோரிப்பாளையம் (வியாழன், இரவு 9:40)

தம்பி, இதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். போம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நானும் வகுப்பில் "காரணமே இல்லை" என்று சொல்லிப் பழகியவள். ஒளியைவிட வேகமாகச் சேதி போகாமல், அந்தந்தத் துகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிற வகைக் காரணம் எதுவும் மிச்சமில்லை என்பதுதான் சோதனை சொல்வது. போமின் வழி எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

சிலைமான் (வியாழன், இரவு 10:05)

ஒன்று சொல்லட்டுமா? சி.வி. ராமனோடு 1928இல் ஒளிச்சிதறலைக் கண்டவர்களில் ஒருவரான கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர், நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். சிதறிய ஒளி குறிப்பிட்ட அளவுகளில்தான் ஆற்றலை இழக்கிறது என்பது குவாண்டத்துக்கு நேரான சான்று. பேரையூருக்கும் வத்திராயிருப்புக்கும் இடையே ஒரு மலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தெற்குவாசல் (ஞாயிறு, இரவு 8:50)

இன்றைக்கு வீட்டில் அண்ணன் தம்பி ஆட்டம். பேரன் மொட்டை மாடியில், பேத்தி வாசலில், காசு சுண்ட நானும் மருமகளும். 40 ஆட்டத்தில் 29. பெரியப்பா நடுவே உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எப்போதும் "ஆமா" சொல்லச் சொன்னார், காசு எண்ணிச் சொல்லச் சொன்னார், ஒற்றைப்படை இரட்டைப்படை என்றார். இரண்டு மணி நேரம். 75ஐத் தாண்டுகிற திட்டம் கிடைக்கவில்லை.

பிறகு டெல்ஃப்ட் பற்றிச் சொன்னேன். 1.3 கி.மீ.யைக் கடக்க ஒளிக்கே 4.3 மைக்ரோ விநாடி ஆகும், அதற்குள் இரண்டு பக்கமும் கேள்வியும் பதிலும் முடிந்துவிடும், அதனால் சேதி போயிருக்க முடியாது என்றேன். உடனே கேட்டார்: "அந்தக் கடிகாரத்தை யார் சோதிச்சா?"

கோரிப்பாளையம் (ஞாயிறு, இரவு 9:35)

அவர் என் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். இதே கேள்வியால்தான் 2011இல் வந்த ஒரு பெரிய அறிவிப்பு பிறகு விழுந்தது. ஜெனீவா பக்கத்தில் இருக்கிற செர்ன் துகள் ஆய்வகத்திலிருந்து 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோவுக்குப் போன நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முந்தி வந்தன என்று ஓபெரா குழு அறிவித்தது. அவர்களே நம்பாமல் உலகத்தைச் சோதிக்கச் சொன்னார்கள். 2012 பிப்ரவரியில் காரணம் தெரிந்தது: கடிகாரத்துக்கு நேரம் கொண்டுவருகிற ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகச் செருகப்படவில்லை. ஒரே இடத்துக் கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது என்றுதான் பெல் சோதனையை வெவ்வேறு ஊரில், வெவ்வேறு துகளில், வெவ்வேறு ஆட்கள் செய்கிறார்கள்.

தெற்குவாசல் (ஞாயிறு, இரவு 10:10)

வாசித்துக் காட்டினேன். "ஒயர் கழண்டதை அவங்களே வெளிய சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கொட்டை டப்பாவை எடுத்துவரச் சொன்னார். அடுத்த வாரம் ஐந்நூறு வைத்துப் போட வேண்டுமாம். கடைசி எறி வரைக்கும் தரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். புளி உடைக்கிற பருவம்தான், கொட்டைக்குப் பஞ்சமில்லை.